குழாயைத் திருகிய நேரம்

பிப்ரவரி 3

நாத்தனாருக்கு அண்ணி எழுதிக்கொண்டது.

அன்று காலை ஏழு பத்துக்கு நம் வீட்டில் இருந்தவர்கள்: நான். உன் அண்ணன், ஒரு காலில் மட்டும் காலுறையோடு. மாடி வீட்டு வாத்தியாரம்மா. அவர் தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்தவர், வாசற்படியைத் தாண்டவில்லை, ஆனாலும் சேர்த்துக்கொள்கிறேன். அடுப்பைப் பழுதுபார்க்க வந்த ஆள். அவர் தலை மேடைக்குக் கீழே இருந்தது, கால் மட்டும் வெளியே. அப்புறம் நீ. ஆக மொத்தம் ஐந்து பேர். "இருபது பேர் நடுவில் அண்ணி என் மானத்தை வாங்கினாள்" என்று உன் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். மீதிப் பதினைந்து பேர் எந்த மூலையில் நின்றார்கள் என்று தெரிந்திருந்தால் அவர்களுக்கும் காபி போட்டிருப்பேன்.

யார் மானத்தை யார் வாங்கியது? நான் சொன்னது ஒரே வாக்கியம். "குடிச்ச டம்ளரைக் கழுவி வச்சா கை தேஞ்சா போயிடும்?" நீ டம்ளரைத் தொட்டியில் எறிந்துவிட்டுச் சொன்னாய்: "உங்க சாமிக்குக் காது இருந்தா, முதல்ல உங்க வாயத்தான் அடைச்சிருக்கும்." அடுப்புக்காரர் தலையை மேடையில் இடித்துக்கொண்டார். ஒன்பது இருபதுக்குப் பெட்டியோடு கிளம்பிவிட்டாய். உன் அண்ணன் இரண்டாவது காலுறையை அப்போதும் தேடிக்கொண்டிருந்தார்.

நான் பள்ளியை எட்டாவதோடு விட்டவள். ஆனால் எதையும் வாய்க்கு வந்தபடி சொல்கிறவள் இல்லை. உன் தொழிற்சாலை மூன்று மாத விடுப்புக் கொடுத்து, விரல் மூட்டெல்லாம் வீங்கி நீ இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து தனி நோட்டுப் போட்டிருக்கிறேன். நீ எழுந்த நேரம், படுத்த நேரம், காய்ச்சல், சாப்பிட்டது, குளியலறைக் குழாயை நீயே திருக முடிந்த நேரம். கடைசிக் கட்டம் நீ என்னைத் திட்டியது, நேரத்தோடு. எண்பத்தெட்டு நாள், முப்பத்தொரு வசவு. அடுத்த தடவை பெரியம்மாவிடம் பேசும்போது எண்ணிக்கை வேண்டுமென்றால் கேள். தருகிறேன்.

உன் வெட்டுக் கத்தரி அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. பழைய துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

ஆண்டவன் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

அண்ணி

*

பிப்ரவரி 10

தணிக்கை அதிகாரி அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை முடிந்து வந்து படித்தேன். இருபது பேர் என்பது பெரியம்மாவின் கைவரிசை. நான் சொன்னது "எல்லார் முன்னாலும்" என்று மட்டும்தான். அவர் கையில் போகிற துணி எப்போதுமே சட்டைக்கு வாங்கியது பாவாடைக்கு வரும் அளவுக்கு நீளும், உங்களுக்குத் தெரியாதா?

சாப்பாட்டுக்கு நோட்டுப் போடுவார்கள், பால்காரனுக்கு நோட்டுப் போடுவார்கள். வசவுக்கு நோட்டுப் போட்டவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் அண்ணி. பிரார்த்தனை அறையிலிருந்து நேராக வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'காலை 6.50: முகத்தைப் பார்த்தால் பால் திரியும் என்றாள்' என்று எழுதியிருப்பீர்கள். கடவுள் எதிரில் இருந்துகொண்டு எப்படி முடிகிறது?

உங்கள் மனம் குளிர ஒரு செய்தி. வேலைக்குத் திரும்பிவிட்டேன், ஆனால் வெட்டும் மேசையில் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவளைப் பட்டன் எண்ண உட்கார வைத்திருக்கிறார்கள். சட்டைக்கு ஏழு, கூடுதலுக்கு ஒன்று. நேற்று வந்த பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாஸ்டர், நீங்க ரெஸ்ட் எடுங்க, நாங்க எண்ணறோம்" என்கிறார்கள். அந்த இரக்கத்தைவிட உங்கள் நாக்கு மேல்.

தொழிற்சாலை டாக்டருக்கு நான் வைத்த பெயர் இஸ்திரி. கோட்டும் மடிப்புக் கலையாது, முகமும் மடிப்புக் கலையாது. காலை ஏழரைக்கு, ஷிப்ட் ஏறுமுன் வரச் சொல்கிறார். ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்கிறார். அதோடு சேர்ந்த அளவுமானியில் முள் நாற்பதைத் தொட வேண்டும். இரண்டு தடவை அமுக்கினேன், இரண்டு தடவையும் இருபத்திரண்டு. மூன்றாவது தடவை மார்ச் 18. அன்றும் தொடவில்லையென்றால் வெட்டும் பிரிவுக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார். எழுதிவிட்டால் அவ்வளவுதான், பட்டன்தான். அதுவும் எத்தனை நாளைக்கோ.

கத்தரியை அனுப்ப வேண்டாம். தெரியாமல் விட்டுவரவில்லை.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 16

நாத்தனாருக்கு,

உன் இஸ்திரி டாக்டர் படித்த படிப்பை நினைத்தால் என் எட்டாவது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வசவுகளை மறுபடி படிக்கத்தான் எடுத்தேன், மறைக்கவில்லை. படித்துக்கொண்டே போகும்போது பக்கவாட்டில் இருந்த நேரங்கள் கண்ணில் பட்டன. முப்பத்தொன்றில் முப்பது காலை ஒன்பது மணிக்கு முன்னால் சொன்னவை. மீதி ஒன்றைப் பற்றி இப்போது எழுதவில்லை. பதினொரு மணிக்கு மேல் நீ என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறாய். மூன்று நாள் என் தலையைப் பின்னிவிட்டிருக்கிறாய். அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன், வேறு கட்டத்தில்.

நோட்டை மாடிக்கு எடுத்துப் போனேன். வாத்தியாரம்மா உயிரியல் சொல்லிக்கொடுப்பவர். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்காததால் என்னைப் போன்றவள் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். நோயோடு சண்டை போடும் காவல் படையும் அதைப் பார்த்துத்தான் வேலைக்கு வருகிறது. நாம் தூங்கும்போது அது ஊர் சுற்றும். விடிவதற்கு முன்னால் அதன் ஆட்டம் உச்சத்தில் இருக்கும். அதே விடியலில் உடம்பு கார்ட்டிசால் என்று ஒன்றைச் சுரந்து அதை மெதுவாக அடக்கி உட்கார வைக்கும். உனக்கு வந்திருக்கும் நோயில் அந்தப் படைக்குப் பைத்தியம் பிடித்து, காவல் காக்க வேண்டிய வீட்டையே, அதாவது உன் மூட்டுகளையே, அடிக்கிறது. அடங்கவும் நேரமாகிறது. அதனால்தான் காலையில் விரல் மரக்கட்டை, மத்தியானம் விரல் விரல். வீக்கம் அந்த அளவுக்கு இருக்கும்போது மனசும் அதோடு சேர்ந்து எரியும் என்றார். "வலிக்கு மட்டும் இல்லம்மா, கோபத்துக்கும் ஒரு நேரம் இருக்கு" என்றார்.

ஆகவே நீ கெட்டவள் இல்லை. காலையில் மட்டும் கெட்டவள். அது என் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்த ஆள் ஏழரைக்கு உன் கையில் பந்தைக் கொடுப்பது, தூங்குகிறவனை எழுப்பி ஓடு என்று சொல்லிவிட்டு நொண்டி என்று எழுதுவது போல. எண்பத்தெட்டு நாள் கணக்கையும் பெரிய தாளில் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டு. பதினொரு மணிக்குச் சோதிக்கச் சொல். நான் செய்தது போன்ற கணக்கு அவரிடம் இருக்காது, அவர் வைத்திருப்பது வருகைப் பதிவேடு மட்டும்தான்.

அண்ணி

*

பிப்ரவரி 22

அண்ணிக்கு,

உங்கள் பெரிய தாளைப் படுக்கையில் விரித்தேன், தலையணை வரை வந்தது.

முதலில் ஒன்று. என் கோபத்தை என் மூட்டின் பெயரில் எழுதாதீர்கள். வலி இருந்தது, உண்மை. ஆனால் அந்த முப்பதையும் சொன்ன வாய் என்னுடையது. நீங்கள் என்னைப் பார்த்து, "பாவம், அவ பேசல, அவ நோய் பேசுது" என்று தலையை ஆட்டுவது எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது. அதற்குப் பதில் நீங்கள் என்னைத் திரும்பத் திட்டிவிடலாம். பைத்தியக்காரி திட்டினால்கூட அந்தத் திட்டு அவளுடையது.

இரண்டாவது. இருபத்திரண்டு வருஷம் துணியில் கோடு பார்த்தவள் நான். நாற்பது அடுக்குத் துணியில் எந்த அடுக்கு நகர்ந்திருக்கிறது என்று தொடாமல் சொல்வேன். உங்கள் தாளில் குழாய்க் கட்டத்தை மட்டும் விரலால் கீழே இழுத்துக்கொண்டு போனேன். முதல் பதினொரு நாள், எட்டரை, எட்டு இருபது, எட்டரை. பன்னிரண்டாம் நாளிலிருந்து பத்தரை, பத்தே முக்கால், ஒருநாள் பதினொன்றும் தாண்டியிருக்கிறது. நாற்பத்தொன்றாம் நாளிலிருந்து ஒன்பது நாளுக்கு மறுபடி எட்டேகால். அதற்கப்புறம் திரும்பப் பத்தரை, கடைசிவரை.

பன்னிரண்டாம் நாள் என்ன ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? 'எழுந்த நேரம்' கட்டத்தைப் பாருங்கள். நாலரை. அடுத்த நாளும் நாலரை. நீங்கள் விளக்கைப் போட்டு, போர்வையை இழுத்து, "எழுந்திரு, உனக்காகத்தான் கும்பிடறேன், நீ தூங்கிட்டிருந்தா கடவுள் யாரைப் பார்த்து இரங்குவார்?" என்பீர்கள். ராத்திரி பதினொன்று வரை அண்ணன் அதே கூடத்தில் தொலைக்காட்சி பார்ப்பார். நான் படுப்பது அதற்குப் பிறகு. உங்கள் வாத்தியாரம்மா சொன்ன படை உச்சத்தில் ஆடும் நேரத்தில், அரைத் தூக்கத்தில், குளிர்ந்த தரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதற்காக? அந்தப் படை அடங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள.

அந்த ஒன்பது நாள் நீங்கள் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தீர்கள். யாரும் என்னை எழுப்பவில்லை. ஏழு வரை தூங்கினேன்.

இந்தத் தாளை இஸ்திரியிடம் கொடுக்க மாட்டேன். என் குளியலறைக் கணக்கை ஒரு ஆண் பிள்ளை படிக்க வேண்டாம். அதோடு, இதைக் கொடுத்தால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரியும் இருக்கும். அந்தப் பழியும் எனக்கு வேண்டாம், ஏற்கெனவே முப்பத்தொன்று இருக்கிறது.

நாத்தனார்

*

பிப்ரவரி 26

நாத்தனாருக்கு,

அந்த ஒன்பது நாள் கணக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதை எழுதியவர் உன் அண்ணன். பென்சிலில் எழுதியிருக்கிறார். ஒருநாள் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு பூனை வரைந்திருக்கிறார். வசவுக் கட்டத்தில் ஒன்பது நாளும் கோடு. நான் வீட்டில் இல்லாதபோது நீ யாரைத் திட்டியிருப்பாய்? இதெல்லாம் ஒரு ஆதாரமா?

முதல் பதினொரு நாள் நோய் அவ்வளவு முற்றவில்லை. அவ்வளவுதான்.

பிரார்த்தனையால் யாருக்கும் கெடுதல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நீ கேள்விப்பட்டிருந்தால் எழுது.

அண்ணி

*

மார்ச் 6

நாத்தனாருக்கு,

நீ இன்னும் பதில் போடவில்லை. நானே எழுதுகிறேன்.

உன் அண்ணனைக் கேட்டேன். "ஏங்க, அந்த ஒன்பது நாளும் குழாய் நேரத்தை நிஜமாவே பார்த்து எழுதினீங்களா, இல்ல மொத்தமா உட்கார்ந்து எழுதினீங்களா?" என்றேன். "குளியலறைக்கு வெளிய துண்டோட நின்னுட்டிருந்தவன் நான். அவ வந்தாதான் எனக்கு வழி. நேரம் எனக்குத் தெரியாதா?" என்றார். முப்பது வருஷத்தில் அவர் சொன்னதில் மறுக்க முடியாத வாக்கியம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை. மறுபடி மாடிக்குப் போனேன். இந்தத் தடவை எழுந்த நேரக் கட்டத்தையும் வசவுக் கட்டத்தையும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, குழாய்க் கட்டத்தை மட்டும் காட்டினேன். வாத்தியாரம்மா கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு கீழே ஓடி, மேலே ஏறி, நடுவில் ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி, மறுபடி ஏறியது.

"இங்க என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று பள்ளத்தைத் தொட்டுக் கேட்டார்.

"புதுசா ஒண்ணும் கொடுக்கலையே."

"அப்ப என்ன நிறுத்தினீங்க?"

"நான் ஊர்ல இல்லை" என்றேன்.

அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, மோட்டார் போடலாமா என்று கேட்டார். படித்தவர்களின் மரியாதை அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. அதைவிட நீ டம்ளரை எறிந்தது மேல்.

அப்புறம் நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூக்கத்தை அறுத்தால் அந்தப் படை இன்னும் மூர்க்கமாகுமாம். ஒருநாள் இருநாள் என்றால் உடம்பு பொறுக்கும், நாள் தவறாமல் அறுத்தால் கடிகாரமே தடுமாறும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாற்றி வேலை செய்கிறவர்களுக்கும் இதே கதிதான் என்றார். உன் தொழிற்சாலை இருபத்திரண்டு வருஷம் செய்ததை நான் அறுபத்தெட்டு நாளில் செய்திருக்கிறேன். அவர்களாவது சம்பளம் கொடுத்தார்கள்.

இந்த நாலரை மணி எனக்கு எப்படி வாய்த்தது தெரியுமா? கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த ஒரே ஒரு மணி நேரம் அது. யாரும் எதையும் கேட்காத நேரம். எனக்கு நல்லது என்பதால் உனக்கும் நல்லது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, யோசிக்கவில்லை என்பது சரி.

இத்துடன் நோட்டையே அனுப்புகிறேன், பிரதி இல்லை. குழாய் நேரத்தைத் தவிர மற்றக் குளியலறைக் குறிப்புப் பக்கங்களைத் தைத்து மூடியிருக்கிறேன், எவனும் பார்க்க முடியாது. எழுந்த நேரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: எழுப்பியது யார். அறுபத்தெட்டு இடத்தில் 'நான்' என்று இருக்கும். நீ என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம், நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வசவுக் கட்டத்தை மூடவில்லை. மூடினால் கணக்கில் ஓட்டை விழும். அந்த டாக்டர் ஓட்டையைத்தான் முதலில் பார்ப்பான்.

கத்தரியும் பார்சலில் இருக்கிறது. தெரிந்தேதான் விட்டுப் போனாய் என்று எனக்கு அன்றே தெரியும். விட்டுப்போனவளின் பொருளைக் காத்துக் கிடக்க என் அலமாரி என்ன சத்திரமா?

18-ஆம் தேதிக்கு முன்னால் கொடு. வீம்புக்கு நேரம் பிறகு ஒதுக்கிக்கொள்ளலாம்.

அண்ணி

*

மார்ச் 21

அண்ணிக்கு,

பார்சல் வந்தது. கத்தரிக்கு எண்ணெய் போட்டிருக்கிறீர்கள். சமையல் எண்ணெய். பிசுபிசுவென்று ஒட்டி, சுத்தம் செய்ய அரை நாள் ஆனது.

இஸ்திரியிடம் போனேன். நோட்டை இரண்டு விரலால், எலியின் வாலைத் தூக்குவது போலத் தூக்கினார். "என்னம்மா இது? எண்ணெய்க் கறையோட?" என்றார். எங்கள் அண்ணி எழுதியது என்றேன். எந்தப் பக்கம் திறந்தார் தெரியுமா? நேராக வசவுக் கட்டம். சத்தமாகப் படித்தார். "காலை ஏழு அஞ்சு. உங்களோட இருக்கிறதுக்கு நோயோட இருக்கலாம் என்றாள்." அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு மடிப்பு விழுந்ததைப் பார்த்தேன். சிரித்தார்.

"இது மருத்துவம் இல்லம்மா, குடும்பச் சண்டை" என்று மூடப்போனார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் நோட்டை வாங்கிக்கொண்டாள். குள்ளமான பெண், வாய் மட்டும் ஆள் உயரம். "சண்டைக் கட்டத்தை விடுங்க சார், குழாய்க் கட்டத்தைப் பாருங்க. நம்ம கிட்டகூட இப்படி ஒரு ரெக்கார்ட் கிடையாது" என்றாள். அவர் பார்த்தார். சிவப்பு மைக் கட்டத்தையும் பார்த்தார். "யாரு இந்த 'நான்'?" என்றார். எழுதினவங்கதான் என்றேன். "அவங்களே எழுதிக் கொடுத்தாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை குரலில் இஸ்திரி இல்லை.

அன்று ஏழரைக்கு முள் இருபத்து நாலு. பதினொன்றரைக்கு மறுபடி வரச் சொன்னார். நாற்பத்தாறு. நம்பாமல் மறுநாளும், அதற்கு மறுநாளும் இரண்டு வேளை அமுக்க வைத்தார். காலையில் இருபத்து மூன்று, இருபத்தைந்து. பதினொன்றரைக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தேழு. கடைசியில் தானே கண்டுபிடித்த மாதிரி எழுதினார்: வெட்டும் பிரிவு, பத்தரை மணி ஷிப்ட், இரவு ஷிப்ட் கூடாது, மூன்று மாதம் பார்க்கலாம். உங்கள் பெயரை எங்கும் எழுதவில்லை. நீங்கள் எதிர்பார்த்திருக்கவும் மாட்டீர்கள், உங்கள் பெயரை மேலே வேறு ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் அல்லவா?

இன்று மாதிரிச் சட்டை ஒன்று வெட்டினேன். கழுத்து வளைவு ஒரே இழுப்பில் வந்தது. பட்டன் மேசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "வேலை இல்லையா?" என்று கத்தினேன். மணி மத்தியானம் பன்னிரண்டே கால். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மத்தியானமும் கோபம் வரும்.

நன்றி என்று எழுத வருகிறது, எழுதவில்லை. போர்வையை இழுத்த கையும் கணக்கு எழுதிய கையும் ஒன்றே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன வருகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நோட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அண்ணனின் பூனை நன்றாக இருக்கிறது.

நாத்தனார்

*

மார்ச் 27

நாத்தனாருக்கு,

நோட்டு வந்து சேர்ந்தது. அந்த இஸ்திரி பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறான். நோட்டைக் கையாளத் தெரியாதவன் ஆளை எப்படிக் கையாளுவான்?

பெரியம்மா வந்திருந்தார். தொழிற்சாலையே திரண்டு உனக்கு மாலை போட்டதாகச் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

என் பிரார்த்தனை நாலரைக்கேதான். அதை மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். கதவைச் சாத்திக்கொள்கிறேன், பாட்டை வாய்க்குள் பாடுகிறேன். கூடத்துத் தொலைக்காட்சியை எங்கள் அறைக்கு மாற்றிவிட்டேன். உன் அண்ணன் முணுமுணுக்கிறார், அவர் முணுமுணுப்புக்கு நான் கட்டம் போடவில்லை. கூடத்துக் கட்டில் இப்போது ஏழு மணி வரை யாரும் எழுப்பாத இடம். தகவலுக்காக எழுதுகிறேன், அழைக்கவில்லை.

முப்பத்தொன்றில் ஒன்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று நிறுத்தியிருந்தேன். எழுபத்து மூன்றாம் நாள். மாலை நாலு நாற்பது. உனக்குக் காய்ச்சல் இல்லை. குழாயைத் திருகி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டிருந்தாய். துணி மடித்துக்கொண்டிருந்தோம். உன் விரல் என் விரலைவிட வேகமாக மடித்தது. கோபமே இல்லாமல், நூல் அறுப்பது போலச் சொன்னாய்: "அண்ணி, நீங்க எனக்கு வலி போகணும்னு கும்பிடல. நான் சீக்கிரம் போகணும்னு கும்பிடறீங்க."

மற்ற முப்பதையும் நான் எழுதியது திட்டியதற்காக. இதைத் திட்டு என்று எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் கடைசியில் அதே கட்டத்தில் போட்டேன். வாத்தியாரம்மாவிடம் இரண்டு தடவை போனேனே, இந்த ஒன்றையாவது உன் நோயின் கணக்கில் எழுத முடியுமா என்று பார்க்கத்தான் பாதி. முடியவில்லை. நாலு நாற்பதுக்கு உன் உடம்பில் எந்தப் படையும் ஆடவில்லை.

முதல் மாதம் நான் வேண்டியது உன் கைக்காக. இரண்டாம் மாதத்திலும் அதே வார்த்தைகள்தான், ஒன்றும் மாறவில்லை. ஆனால் 'சீக்கிரம்' என்ற இடத்தில் என் குரல் அழுந்தியது. கூடத்தில் கால் நீட்ட இடமில்லை. குளியலறை வாசலில் வரிசை. எண்பத்தெட்டு நாள். கடவுளுக்குக் கேட்டிருக்கும். உனக்கும் கேட்டிருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த முப்பதை நீ திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம், உன்னுடையவை என்று நீயே சொல்லிவிட்டாய், வைத்துக்கொள். இந்த ஒன்றை மட்டும், அன்று உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாயா, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாயா என்று எழுது. கட்டம் காலியாக இருக்கிறது.

பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து எழுது. சீக்கிரம் எழுது.

அண்ணி